பீலியில் குளித்தவருக்குக் கப்பலில் குளியல்

ஹட்டனில் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே, பின் சீட்டில் இருந்த இருவரும் ஜெயில் ஆட்கள் என்று முழுசாக நம்பிவிட்டேன். ஒல்லியானவர் சொன்னது அப்படி.

"எட்டு மாசம் உள்ள இருந்தேன் மச்சான். குளிக்கிறப்ப லேசா குனிஞ்சாப் போதும், பின்பக்கம் இடிச்சுக் கதவு தொறந்துரும்."

மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தேன். உள்ளே அரைக் கிலோ கருவாடுதான் இருந்தது.

"திங்கக்கெழம நான் போகணுமே. என் ஒடம்புக்கு அந்த எடம் பத்துமா?" என்றார் பருத்தவர். சரணடையப் போகிறார் போலும் என்று எனக்கு வியர்த்தது.

"பத்தும். உள்ள போறப்பவே திரும்பி நின்னுக்க. சோப்ப மட்டும் கீழ போட்டுறாத. கப்பல் ஆடுனா கம்பியப் புடிச்சுக்க."

கப்பல் என்று கேட்ட பிறகுதான், பேச்சு கப்பல் குளியலறையைப் பற்றியது என்று புரிந்து எனக்கு மூச்சு வந்தது.

"வேணாம்னு சொல்லிறவா? கப்பல் சமையல் வேலைக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடலடா."

"ஏய், தோட்டத்து லயத்துல, பீலித் தண்ணி கொட்டுற எடத்துல முப்பது பேரு வரிசையில பாத்துக்கிட்டு நிக்க, இடுப்புச் சாரம் நழுவாம குளிச்சவன் நீ! அங்க கதவு இருக்கு. சாரமே தேவையில்ல."

பருத்தவர் சிரித்த சிரிப்பில் என் சீட்டும் சேர்ந்து ஆடியது.

"சுடுதண்ணி வருமா?"

"எந்நேரமும் வரும்."

டிக்கோயாவில் இருவரும் இறங்கினார்கள். பஸ் கிளம்புவதற்குள் பருத்தவர் ஒரு தாளை எடுத்து, கடைச் சுவரில் வைத்து, அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டார்.