பதினாலு வண்டிக்கு ஐந்து டயர்

எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு டயர் பதினோரு மாதம் தாங்கும். அரசாங்கத்தின் வண்டிச் சோதனை பன்னிரண்டாவது மாதம் வரும். எங்கள் தொல்லைகள் எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள்தான் இருக்கின்றன, டாக்டரம்மா.

உட்காருங்கள். அந்த அடுக்கின் மேலேயே உட்காரலாம், காலையில்தான் தூசி தட்டினேன். நீங்கள் அரசுத் தரப்பு வக்கீல், எங்கள் பக்கம் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்; நான் ஒரு பிக்கப் ஓட்டுகிறவன், இருந்தாலும் இந்தக் கொட்டகையில் வேறு இருக்கை இல்லை. நீங்கள் கேட்க வந்தது லிகியா சிசாய்சாவின் வண்டியைப் பற்றி. எங்கள் சங்கத்தில் ஏழாம் எண் வண்டி. போன மாதம், மே பன்னிரண்டாம் தேதி, சிலுவை வளைவில் பள்ளத்தில் விழுந்தது. சோதனையில் தேறி ஆறே நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடியில் புது ஸ்டிக்கர், சக்கரத்தில் மொட்டை டயர். அதனால் சோதனை நிலையத்து மார்செலோ திபான் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார் என்று அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். பாவம், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். அவர் காசு வாங்கவில்லை. அவர் பார்த்த டயர்கள் நல்ல டயர்கள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அவைதான்.

எழுந்திருக்க வேண்டாம். டயர் ஒன்றும் செய்யாது.

எங்கள் சங்கத்தில் பதினாலு பிக்கப். எல்லாம் வெள்ளை, பக்கவாட்டில் பச்சைக் கோடு. மேலே குளிரில் ரப்பர் வெடிக்கும், கீழே பள்ளத்தாக்கில் வெயிலில் வேகும், நடுவில் நாற்பது கிலோமீட்டர் கல். டயரை மாற்றினால் கிளச் போகும், கிளச்சை மாற்றினால் பின் ஸ்பிரிங் பட்டை முறியும், பட்டையைக் கட்டிவிட்டு வந்தால் பெட்ரோல் விலை ஏறியிருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற பிழைப்பு. இருபத்தாறு வருடமாகப் போடுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது, அம்மா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு புது செட் வாங்கினோம். நான்கும் ஒரு ஸ்டெப்னியும். சோதனைக்கு மட்டும். நம்பர் பலகையின் கடைசி இலக்கத்தை வைத்துத்தான் சோதனை மாதம் என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வராது, அந்த மட்டில் அரசாங்கத்துக்கு நன்றி. முறை வந்தவன் இங்கே வருவான். அவன் மொட்டை டயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, பொது செட்டை மாட்டிக்கொண்டு கீழே போய், தேறி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவான். அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். ஒருநாள் கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். கோயிலில் மாதாவுக்கு ஜரிகைப் போர்வையைத் திருவிழாவன்று போர்த்திவிட்டு மறுநாள் பெட்டியில் வைக்கிறார்களே, அது மாதிரி. ஆறு வருடத்தில் அந்த டயர்களில் பட்டன் ஒரு துளி தேயவில்லை. தொட்டுப் பாருங்கள்.

செட்டை வைத்துக்கொள்ள என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கொட்டகைக்குப் பூட்டு உண்டு, தரை காய்ந்த தரை. அதைவிட, என்னை மரியாதையாகத் தோன் அபெலார்தோ கிஷ்பே என்றுதான் கூப்பிடுவார்கள், நேர்மையான ஆள் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. இதற்குக் கூலி கிடையாது. வருகிறவனுக்கு ஜாக்கி போடுவதும் நட்டு கழற்றுவதும் நான்தான். என் முதுகைக் கேட்டால் அது சொல்லும்.

கூலி இல்லாத வேலையில் மனிதன் தனக்கென்று ஏதாவது எடுத்துக்கொள்வான். நான் எடுத்தது மிகவும் சின்னது. ஒருவன் சோதனைக்குப் போயிருக்கும்போது அவனுடைய பழைய டயர்கள் இங்கே கிடக்கும். அதில் ஒன்று என்னுடையதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தால் அதை என் வண்டிக்கு மாட்டிக்கொண்டு, என்னுடையதை அவனுக்குக் கொடுத்துவிடுவேன். எல்லாமே மொட்டைதான். ஒரு மொட்டைக்கும் இன்னொரு மொட்டைக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்கு இரண்டு மாதம் குறையும், எனக்கு இரண்டு மாதம் கூடும். நாலு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சொந்த டயரையே அடையாளம் தெரியாதவனுக்கு எதற்கு வண்டி என்று எனக்குச் சில சமயம் கோபம் கூட வரும்.

லிகியா பார்த்தாள். சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். புருஷன் போனபிறகு அவன் வண்டியைத் தானே ஓட்டினாள். நல்ல ஓட்டம், நல்ல வாய். போன வருடம் மே மாதம், அவள் சோதனை முடிந்த மறுநாள், இந்த வாசலில் வந்து நின்றாள்.

“என்ன பாதிரியாரே, ஆஸ்பத்திரியில குழந்தைய மாத்திக் குடுத்துட்டீங்க போல?”

மாதாவின் போர்வை மாதிரி செட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று என்னைப் பாதிரியார் என்றுதான் கூப்பிடுவாள். எந்தக் குழந்தை என்று கேட்டேன்.

“என் டயரு. முள்ளுக்கம்பியில கிழிச்ச தழும்பு ஒண்ணு அதுல உண்டு. என் மவன் முட்டியில இருக்குமே, அச்சு அசலா அதே மாதிரி. நேத்து அது உங்க வண்டியில உக்காந்துகிட்டு என்னப் பார்த்துச் சிரிக்குது.”

“அவசரத்துல கை மாறியிருக்கும், லிகியா.”

“ஆமாமா, கைதான் மாறியிருக்கு. சரி விடுங்கண்ணே, வயசான காலத்துல நல்ல ரப்பர் மேல ஆசைப்பட்டுட்டீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சந்தையில ஒரு தட்டு பன்னிக்கறி வாங்கிக் குடுங்க, கணக்கு தீர்ந்துச்சு.”

வாங்கிக் கொடுத்தேன். சோளத்தோடு சேர்த்து, தோல் மொறுமொறுப்பாக இருக்கிற இடமாகப் பார்த்து. விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது அன்றோடு முடிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் கண்ணடிப்பாள். சாலையில் எதிரே வந்தால் ஹாரன் அடித்து ஒரு கண்ணடி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, “தோன் அபெலார்தோ மாதிரி ஆளு இருக்கிறதாலதான் நம்ம சங்கம் நிக்குது” என்று சொல்லும்போது இவள் மட்டும் லேசாக இருமுவாள். வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். அவள் சொல்லியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போயிருக்கும். திட்டியிருப்பார்கள், சாவியைப் பிடுங்கியிருப்பார்கள், நானும் முதுகை நிமிர்த்தியிருப்பேன். அவள் மன்னித்துவிட்டாள். ஒரு வருடம் முழுக்க தினமும் மன்னித்துக்கொண்டே இருந்தாள். அது எவ்வளவு அசதி தருகிற விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியவில்லை.

பிப்ரவரியில் மண்சரிவுக் கல் ஒன்றில் என் வண்டி ஏறி இறங்கியது. வலது பின் டயரின் பக்கவாட்டில் புடைப்பு விட்டது, கோழிமுட்டை அளவு. உள்ளே நூல் அறுந்துவிட்டால் அப்படித்தான் வரும். தூக்கி எறிய வேண்டிய டயர்தான். எறிந்தால் வேறு வாங்க வேண்டும். மூலையில் போட்டு வைத்தேன்.

மே மாதம் இரண்டு பேருக்கு முறை. ஒருவர் வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. இன்னொன்று லிகியா. அவளை நான் தேர்ந்தெடுத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. நம்பர் பலகையைக் கொடுத்தது அரசாங்கம்.

ஆறாம் தேதி அவள் தேறி வந்தாள். பொது செட்டைக் கழற்றினேன், அவளுடைய மூன்றை மாட்டினேன், நாலாவதாக அந்தப் புடைத்த டயரை மாட்டினேன். புடைப்பை உட்பக்கம் பார்த்தபடி வைத்தேன். முன்னால் மாட்டவில்லை, முன்னால் வெடித்தால் ஸ்டீயரிங் கைக்கு நிற்காது. அந்த அளவு இரக்கம் எனக்கு உண்டு. அவள் பக்கத்தில் நின்று அவித்த மொச்சையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கை கொடுத்தாள்.

“இந்தத் தடவ என் குழந்தைதானே, பாதிரியாரே?”

“உன்னோடதேதான்.”

“குனிஞ்சு பார்க்கணுமா, இல்ல நம்பலாமா?”

“பார்த்துக்கோயேன்.”

“ச்சே, உங்களயா? பன்னிக்கறி வாங்கிக் குடுத்த மனுஷன்” என்று சிரித்துவிட்டு ஏறிப் போனாள். அவள் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கச் சொன்னேன். இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுத வேண்டும்.

என் கணக்கு இதுதான். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான் அவள் கீழே இறங்குவாள், கேஸ் சிலிண்டர் எடுக்க, காலி வண்டியில். வெடித்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவாள். டயரைக் கவனிக்காத பொம்பளை என்று கொஞ்ச நாள் பேசுவார்கள். அப்புறம் டயரைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? இதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை.

பன்னிரண்டாம் தேதி செவ்வாய்தான். ஆனால் அன்று தோன் நிக்கானோருக்குக் கண் ஆபரேஷன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். அவரும் அவர் மருமகளும் சதுக்கத்தில் லிகியாவை நிறுத்தி ஏறினார்கள். பெரியவர் உள்ளே, மருமகள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் எதிர்க்கடையில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். இருபது அடி தூரம்கூட இருக்காது. எழுந்து போய் நிறுத்தியிருக்கலாம்தான். நிறுத்தி என்ன சொல்வது? அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். சூப் வேறு ஆறிக்கொண்டிருந்தது. லிகியா ஹாரன் அடித்து என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள்.

நாற்பது நிமிடத்தில் செய்தி வந்தது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க எங்கள் ஆட்கள் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு இன்ஜினை அணைத்துவிட்டு வருவார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். சாவு வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நியூட்ரலில் விட்டிருப்பாள் என்று. லிகியா ஒருநாளும் அப்படி ஓட்டினதில்லை. அவள் மகன் என்னிடம் வந்து, “அம்மா அப்படிச் செய்யாதுல்ல, மாமா? நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க” என்றான். அவன் தோளில் கை வைத்து, பெட்ரோல் விற்கிற விலையில் யாரைக் குற்றம் சொல்ல முடியும் தம்பி என்றேன். அழுதான். எனக்கும் அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. மறுநாள் பள்ளத்தில் இறங்கி வண்டியில் மிச்சமிருந்த மூன்று டயர்களையும் கழற்றிக்கொண்டு வந்தேன். ஒன்றில் அந்தத் தழும்பு இருந்தது; போன வருடமே அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். இப்போது அது என் வண்டியில் இருக்கிறது. வீணாகப் போக வேண்டாமே.

இன்னும் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி சொன்ன வாக்குமூலம் வாக்குமூலம் இல்லை. அந்தப் பின் டயரில் முப்பத்திரண்டு பவுண்டு காற்று வைக்க வேண்டும். நான் ஐம்பது வைத்தேன். சிலுவை வளைவு வருவதற்குள் ரப்பர் சூடேறிவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த வளைவில் ஓரங்கட்ட இடம் கிடையாது என்பதும் தெரியும். இருபத்தாறு வருடம் ஓட்டுகிறேன். அவளை நான்தான் கொன்றேன். மற்ற இரண்டு பேரும் தாங்களாக ஏறினார்கள்.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? திபானை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அவருக்காகத்தான் சொன்னேன். ஒரு தப்பும் செய்யாதவர் உள்ளே இருக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. எனக்கு என்ன வேண்டியிருக்கிறது? உயிர் மேல் ஆசை விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. ஜெயில் என்றால் ஜெயில். ஜாக்கி தூக்க வேண்டாம், பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம்.

இப்போதேயா? சரி. கோட்டை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஆபீஸ் ஜீப் எங்கே? ஓ, அதற்குப் பெட்ரோல் ஒதுக்கவில்லையா. அப்படியானால் வெளியே ஹாரன் அடிப்பது நம்ம சங்கத்து ஃபாஸ்தோவா? அவன் பிக்கப்பில்தான் மேலே வந்தீர்களா?

டாக்டரம்மா, வேறு வண்டி ஏற்பாடு செய்ய முடியுமா? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக்கூடப் போகலாம், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். விஷயம் ஒன்றுமில்லை. பிப்ரவரியில் அந்தக் கல்லில் ஏறினபோது என் முன் டயரும் புடைத்துவிட்டது. மார்ச்சில் ஃபாஸ்தோ பஞ்சராகி வந்து நின்றான், அவனுக்கு அதைத்தான் மாட்டிக் கொடுத்தேன். திங்கள்கிழமை டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போகிறானே, அந்த வண்டியில் இப்போதும் அது ஓடுகிறது. அக்டோபரில் அவனுக்குச் சோதனை, அப்போது எப்படியும் கழற்றுவோம், சத்தம் போடாமல் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் என்ன, மனசாட்சி இல்லாதவனா? இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அதில் இப்போது நானும் ஏற வேண்டியிருக்கிறது.