சூரியனில் ஒரு விரல்

— இன்னும் கொஞ்சம் கறி எடுத்துக்கங்க சாமி. பாபிலோன் ராஜா சொல்றேன், தட்டாதீங்க.

— விளையாடாதே உபார். நான் சாப்பிட வரலை.

— ராஜாவை நீ வா போன்னா பேசுறது? போன வாரம் வரைக்கும் வாய்க்கால்ல தூர் வாரிக்கிட்டிருந்தவன்தான், இல்லேங்கலை. ஆனா லபாஷி சாமி, கிரகணம் வருது, ராஜாவுக்கு ஆகாது, அது கழியிற வரைக்கும் அவர் சிம்மாசனத்துல வேற எவனையாவது உக்கார வைங்கன்னு வானத்தைக் கணிச்சுச் சொன்னதே நீங்கதானே?

— கிரகணம் வரலை.

— அட, அதுக்கென்ன இப்ப? ஒரு விரல் அளவுக்குச் சூரியன் மறைஞ்சுதுன்னு சபையில சொன்னீங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. முடிஞ்சுபோச்சு.

— பொய் சொன்னேன். பதினெட்டு வருஷத்துக்கு ஒருக்கா அதே கிரகணம் திரும்பும். போன தடவை இங்கே தெரிஞ்சுது, இந்தத் தடவையும் தெரியும்னு அடிச்சுப் பேசிட்டேன். அது நம்மளை விட்டுட்டு எங்கேயோ போயிடுச்சு. மூணாவது சுத்துலதான் மறுபடி இந்தப் பக்கம் வரும். தெரிஞ்ச கணக்குதான். கோட்டை விட்டுட்டேன்.

— வரலைன்னே சொல்லியிருக்கலாமே.

— வெட்கம்டா. என் பேச்சைக் கேட்டு ஊரே தலையில துணியைப் போட்டு மூடிக்கிட்டு, முரசு கொட்டி அழுதுக்கிட்டு உக்காந்திருக்கு. நாக்கு எழும்பலை.

— விடுங்க சாமி. யாருக்கு என்ன நஷ்டம்?

— உனக்குத்தான். வராமப் போனா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வந்துட்டா, ராஜாவுக்கு வந்த கெடுதலைச் சுமந்துக்கிட்டு நீ சாகணும். நாளைக்குக் காலையில.

— சாமி?

— யாரும் உன்கிட்ட சொல்லலையா?

— நல்ல சோறு போடுறோம்னாங்க. புதுத்துணி குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லலையே. போய் உண்மையைச் சொல்லிடுங்க சாமி.

— போனேன். மந்திரி சிரிக்கிறார். கூலிக்காரன் மேல இரக்கப்பட்டு உளர்றேனாம். ரெண்டு பேர் சொன்னது ஒத்துப்போச்சு, இனி மாத்த முடியாதுன்னுட்டார். ஏண்டா, சிம்மாசனத்துல இருக்கிறவன் மட்டும் தலையை மூடக் கூடாது, அவன் கண்ணுல பட்டிருக்கும்னுதானே உன்னையும் சாட்சி கேட்டாங்க. நீ வானத்தைப் பார்க்கலையா?

— பார்த்தேன். முழுசாத்தான் இருந்துச்சு.

— அப்புறம் எதுக்குடா நீயும் ஒரு விரல்னு சொன்னே?

— அத்தனை பேர் முன்னால நீங்க கூனிக் குறுகி நின்னீங்க சாமி. பார்க்க மனசு தாங்கலை.