பதினோராம் மேசையில் சொல்லாமல் விட்டது

இத்தாளின் தலைப்பில் உள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது இருபத்திரண்டு. வணிகவியலில் பட்டம் பெற்றுள்ளேன், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் வெல்டர். அம்மா வீட்டிலிருந்தபடி துணி தைக்கிறார். அம்மாவின் தம்பியான என் மாமா, பிரிட்ஜ் பழுதுபார்ப்பவர். அவர் கடந்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்த புகாரின் கீழ் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்தப் புகாரில் நான் சொன்னதாக உள்ள செய்தி உண்மையல்ல. அதைத் தெரிவிக்கவே இன்று, வியாழக்கிழமை, நானாக நிலையத்துக்கு வந்தேன். கேட்கும் கேள்விக்குப் பாதி பாதியாகப் பதில் சொல்கிறேன் என்று எழுத்தர் கூறியதால், அவர் கொடுத்த தாளில் நானே எழுதித் தருகிறேன்.

பட்டச் சான்றிதழ் என் கைக்கு வந்தது சனிக்கிழமை. எங்கள் குடும்பத்தில் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் இதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அதனால் மறுநாள் எல்லோரும் வெளியே சாப்பிட வேண்டும் என்று மாமா சொன்னார். புகாரில் குறிப்பிட்டுள்ள உணவகத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். "அங்க இருக்கிற மூணு பிரிட்ஜும் நான் பார்த்ததுதான். எப்பவும் பின்வாசல் வழியாத்தான் போயிருக்கேன். ஒரு தடவ முன்வாசல் வழியா போகணும் பாப்பா" என்றார்.

ஞாயிறு மதியம் ஒரு மணியளவில் நாங்கள் நால்வரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். முதலில் மூன்றாம் மேசையில் உட்கார்ந்தோம். ஏசி காற்று நேராக அம்மாவின் கழுத்தில் பட்டதால் எழுந்து ஏழாம் மேசைக்குப் போனோம். அது சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் மாமாவின் நாற்காலியில் இடித்தது. அதன்பின் பதினோராம் மேசைக்கு மாறினோம். ஒவ்வொரு தடவை மாறும்போதும் தண்ணீர் தம்ளர்களை நாங்களே தூக்கிக்கொண்டு நடந்தோம். அங்கே அப்படி யாரும் செய்வதில்லை என்பது மற்றவர்கள் பார்த்த பார்வையில் எனக்குத் தெரிந்தது. பதினோராம் மேசை ஆடியது. அப்பா உடனே குனிந்து, காகிதக் கைக்குட்டையை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் வைக்கத் தொடங்கினார். "இதுக்கு ஒரு வாஷர் போதும், இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணல பாரு" என்று மேசைக்கு அடியிலிருந்து சொன்னார்.

அச்சமயம் அம்மா கை கழுவப் போயிருந்தார். மாமா போனில் யாரிடமோ பேசியபடி வாசல் பக்கம் நின்றார். எங்கள் மேசைக்கு வந்த பரிமாறுபவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். அங்கே வேலை செய்பவர்கள் அவரை 'மறுபடி அண்ணன்' என்று கூப்பிடுகிறார்கள். எழுதிக்கொண்ட ஆர்டரை மறுபடி ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டாமல் அவர் மேசையை விட்டு நகர்வதில்லை என்பதால் அந்தப் பெயர். யாருக்காவது ஏதாவது பொருள் ஆகாது என்றால், ஆர்டர் சீட்டில் சிவப்புக் கிளிப் மாட்டி உள்ளே அனுப்புவார். கிளிப் இருந்தால் அதைத் தனி வாணலியில் செய்வார்கள். இந்த விவரம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

உணவுப் பட்டியலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதில் இருந்த பெயர்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காததை வீட்டில் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. காளான் படம் போட்டிருந்த ஒரு வெள்ளைக் குழம்பின் பெயரைப் படித்தேன். தவறாகப் படித்துவிட்டேன். மறுபடி அண்ணன் அதைத் திருத்திச் சொல்லவில்லை. சரியான உச்சரிப்பில் தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லிக்கொண்டே எழுதினார். அதே நேரத்தில் பக்கத்து மேசையில் என் வயதுப் பெண்கள் இருவர் சிரித்தார்கள். அவர்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம்.

அதன்பின் அவர், "யாருக்காவது எதாவது ஆகாதா மேடம்? முந்திரி, கடலை, முட்டை, மீன்?" என்று கேட்டார். என் அப்பாவுக்கு முந்திரி ஆகாது. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவர் ஒருமுறை தின்றுவிட்டு முகம் வீங்கி ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தார். அதன்பின் எங்கள் வீட்டுக்குள் முந்திரி வந்ததில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கேட்டபோது அந்தச் சொல் வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் இன்னொரு கேள்வி கேட்பார், நான் இன்னொரு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். "இல்ல, எல்லாம் ஓகே" என்றேன்.

அவர் ஆர்டரை மறுபடி படித்தார். முடிவில், "அப்ப ஆகாதது எதுவும் இல்ல, அப்படித்தானே?" என்று இரண்டாம் முறையும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் சீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். ஆக, அவர் கேட்டது இரண்டு முறை. அவர் நின்ற நேரம் முழுவதும் என் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. "காலை ஆட்டாத, பேப்பர் நழுவுது" என்று அப்பா கீழேயிருந்து சொன்னார்.

அவர் போனபின் அப்பா எழுந்து கை கழுவப் போனார், அம்மாவும் மாமாவும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா, "முந்திரி சொன்னியாடி?" என்று கேட்டார். "சொல்லிட்டேன்மா" என்றேன். மாமா, "அதெல்லாம் சொல்லாம இருப்பாளாக்கா? படிச்ச புள்ள" என்றார். மாமாவின் புகாரில், முந்திரி ஆகாது என்று முன்பே தெரிவித்தும் பரிமாறுபவர் அலட்சியமாக இருந்தார் என்று எழுதியிருப்பது இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். மாமா பொய் சொல்லவில்லை. அவரிடம் பொய் சொன்னது நான்.

அதன்பின் என்னால் உட்கார முடியவில்லை. மறுபடி அண்ணனைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். சற்றுப் பொறுத்து எழுந்து சமையலறை ஜன்னல்வரை போனேன். உள்ளே இருந்த சமையல்காரர், "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "கை கழுவுற இடம் எங்க?" என்றேன். அது என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் கரண்டியால் காட்டினார். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னொரு முறையும் போனேன். அப்போதும் கைதான் கழுவினேன். மூன்றாம் முறை எழுந்தபோது மாமா, "கையில இருக்கிற ரேகை அழிஞ்சிரப் போகுது, உக்காரு" என்றார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

உணவு வந்ததும் அந்த வெள்ளைக் குழம்பைக் கரண்டியால் அடிவரை கிளறிப் பார்த்தேன். பருப்பு எதுவும் கண்ணில் படவில்லை. முந்திரியை அரைத்துச் சேர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. பால் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிட்டார். "நல்லாருக்கே, இது பேரு என்ன?" என்று கேட்டார். நான் சொன்னேன். பட்டறையில் போய்ச் சொல்வதற்காக இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஏறக்குறைய பத்து நிமிடத்தில் அப்பா கழுத்தைச் சொறியத் தொடங்கினார். உதடு தடித்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், விரல்கள் பிடிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவர் மறுபடி அண்ணன். பொத்தானை அவர்தான் கழற்றினார். ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்யும்படி கல்லாவைப் பார்த்துக் கத்தியவரும் அவர்தான். "ஐயாவுக்கு முந்திரி ஆகாதா?" என்று எங்களைக் கேட்டார். மாமா எழுந்து, "ஆகாதுன்னு சொல்லியும் போட்டுக் குடுத்துட்டு, இப்ப என்னய்யா கேள்வி?" என்று சொல்லி அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினார். அவர் பின்னாலிருந்த நாற்காலியில் மோதி விழுந்தார். கண்ணாடி உடைந்தது. முதலில் கை நீட்டியது மாமா. மறுபடி அண்ணன் யாரையும் தொடவில்லை. எழுந்து நின்று, "கேட்டேன் சார். மறுபடியும் கேட்டேன். மேடத்தையே கேளுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "அப்பாவ தூக்குங்க" என்றேன். அது அவசரமான காரியம்தான். ஆனால் அது பதில் அல்ல.

அன்று மாலை மருத்துவமனைக்கு வந்த காவலரிடம் மாமா புகாரைச் சொன்னார். காவலர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். அப்போது அப்பாவின் மூக்கில் குழாய் இருந்தது.

திங்கட்கிழமை அப்பாவுக்கு ஆபத்து நீங்கியது என்று மருத்துவர் சொன்னபின், வார்டு வாசலில் வைத்து மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வார்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, "இத உங்கம்மாகிட்ட சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கே நாலு பேரு, படிக்க வச்ச அப்பனுக்கே படிச்சவ என்ன பண்ணா பாருன்னு பேசுவான். அந்த ஆளுக்கு என்ன, இந்த ஹோட்டல் இல்லன்னா இன்னொரு ஹோட்டல். நீ வாய மூடிட்டு இரு பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். மாமா இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவழியாக நான்கு முறை நடந்தேன். நான்காம் முறை, பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. "மறுபடி அண்ணனா? வேலைய விட்டு நிறுத்திட்டாங்கம்மா. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. இருபத்தாறு வருஷம். சீட்டு ஓரத்துல 'கேட்டேன், எதுவும் இல்லை'ன்னு எழுதித்தான் வச்சிருக்காரு. பின்னாடி எழுதினதுன்னு முதலாளியே சொல்றாரு. கேமராவுல படம்தான் தெரியுது, பேசினது கேக்குமா? இனிமே எந்த ஹோட்டல்ல அவர சேப்பாங்க?" என்றார். அந்தக் குறிப்பைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்கிறேன்: அவர் கேட்டார், எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். அந்த வரி அங்கே, என் கண்முன்னே எழுதப்பட்டது.

நேற்று, புதன்கிழமை, அப்பா வீட்டுக்கு வந்தார். அம்மா கஞ்சி வைக்கப் போன நேரத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசைக்கு அடியில் இருந்ததால் எதுவும் காதில் விழுந்திருக்காது என்று நினைத்திருந்தேன். அப்பா, "அடியில இருந்தா காது கேக்காதா? ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டும் கேட்டுச்சு" என்றார். "அப்ப ஏம்பா பேசல?" என்றேன். "பெரிய எடத்துல நீ பேசிட்டிருக்கும்போது கீழேருந்து நான் குரல் குடுத்தா உனக்கு அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன். பட்டியல படிச்சவளுக்குத் தெரியும், இதுல முந்திரி இல்ல போலன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நம்ம ரெண்டு பேரும் கௌரவம் பாத்ததுக்கு அந்த மனுஷன் எதுக்குடா கண்ணு உக்காந்திருக்கணும்?" என்று கேட்டார். தன் காதில் விழுந்ததையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். தேவைப்பட்டால், நடக்க முடிந்ததும் அவரே நேரில் வருவார்.

இன்று காலை கிளம்பும்போது மாமா வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, "நீ போனா என் மேலதான் கேஸ் திரும்பும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. கொண்டு வந்து விடவும் இல்லை. அவர் தள்ளியதற்குக் காரணமும் என் வார்த்தைதான் என்பதைக் கருத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது மறுபடி அண்ணன் பெஞ்சில் இருந்தார். கண்ணாடி இல்லாததால் என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. நான் நிற்பதைப் பார்த்து எழுந்து, "உக்காருங்க மேடம்" என்று இடம் கொடுத்தார். கிட்டத்தில் வந்தபின்தான் தெரிந்துகொண்டார். "அப்பா எப்படி இருக்காரு? சாப்பிடறாரா?" என்று கேட்டார். "கஞ்சி குடிக்கிறாரு. நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இத உள்ள சொல்லுங்கம்மா" என்று எழுத்தர் அறையைக் கை காட்டினார்.

உள்ளே வந்து சொன்னேன். மேலே எழுதியதில் நான் கூட்டியதும் குறைத்ததும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கையெழுத்திட்ட தாளுக்கும் இந்தத் தாளுக்கும் முரண்படும் இடங்களில் இதையே என் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தர் கேட்டுக்கொண்டபடி முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)
வெல்டரின் மகள், வயது 22