மூணுல ஒண்ணு விரிசல்

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் பஸ். என் முன் சீட்டில் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து வரும் இரண்டு பெண்கள். சூளையில் வெந்த சாமான்களைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அது பேச்சிலேயே தெரிந்தது.

“நேத்து டிவியில மூணு வேட்பாளரும் பேசுனாங்கல்ல, நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் கேட்டேன்க்கா. மூணுல ஒண்ணு விரிசல்” என்றாள் இளையவள்.

“எதுடி?”

“நெலக்கரி சுரங்கத்துக்கு நம்ம ஊர எடுப்பாங்களான்னு கேட்டாங்க. மொத ஆளு, ‘என் பொணத்தத் தாண்டித்தான் எடுக்கணும்’னாரு. கணீர்னு இருந்துச்சு. ரெண்டாவது ஆளு, ‘ஒரு பிடி மண்ணு போவாது’ன்னாரு. அதுவும் கணீர்.”

“மூணாவது?”

“தொண்ட அடைச்சிடுச்சு. ரெண்டு தடவ தண்ணி குடிச்சாரு. அப்புறம், ‘வூடு நிக்காதும்மா, மாத்து எடமாவது நல்லதா கேட்டுப் பாக்குறேன்’னாரு. கம்பெனியா இருந்தா ஒடைச்சுப் போட்டிருப்போம்.”



“நம்ம தெருவுல அளந்து கல்லு நட்டுட்டாங்களேடி. அவரு சொன்னதுதான நெசம்?”

“தெரியும்க்கா.”

“அப்ப ஓட்டு அவருக்கா?”

“இல்லக்கா, மொத ஆளுக்குத்தான். அவரு பேச்ச நம்பி, எலெக்‌ஷன் வரைக்குமாவது வூட்டுல எல்லாரும் தூங்கட்டும்.”