புல்லியில் போட்ட கோடு

ஒரு பிளவுஸ் தைக்க எனக்கு இரண்டு மணி நேரம் போதும். அளவு கொடுக்க வருகிறவர்கள் பேசி முடிக்கத்தான் அரை நாள் ஆகும். சிகாமட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் தெருவில் இறங்கியதே இல்லை, சார்ஜன். எல்லாம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். வந்ததைக் கொஞ்சம் பிடித்துத் தைத்து அனுப்புவேன், அவ்வளவுதான். தனலெட்சுமி சொன்னால் சரியாக இருக்கும் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. நடக்காது என்று நான் சொன்ன கல்யாணம் ஒன்றுகூட நடந்ததில்லை.

அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் போலீஸ் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுச் சபாபதி செம்பனை எண்ணெய் ஆலையில் காலை வேலை பார்த்தான். கோயில் டிராக்டரை ஓட்டுகிறவனும் அவன்தான். பங்குனி உத்திரத்துக்கு ரதத்தை இழுப்பது அந்தப் பழைய டிராக்டர். போன வருட வெள்ளத்தில் அதில் ஆட்களை ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டான். என்னையும் இறக்கிவிட்டான். மெஷின் வீட்டிலேயே இருக்கிறதே என்று நான் சொன்னேன். போய் எடுத்துவா என்று சொல்லவில்லை. இருக்கிறதே என்றுதான் சொன்னேன். அவன் திரும்பிப் போனான். மெஷின் வந்து சேர்ந்தது. டிராக்டர் மார்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டது.

தண்ணீர் இன்ஜினுக்குள் போய், நாலு பிஸ்டனும் துருவேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டன. கோயில் கமிட்டி விசாரித்தது. ஏன் மறுபடியும் தண்ணீரில் இறக்கினாய் என்று செயலாளர் வேலு கேட்டார். "என் தப்புதான்லா அண்ணே, அவசரப்பட்டுட்டேன்," என்றான் சபாபதி. என் பெயரை எடுக்கவே இல்லை.

நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நன்றி இருக்க வேண்டாமா என்பீர்கள். இருந்தது, ஒரு வாரம். அதற்குப் பிறகு தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்பான்: "மெஷின் நல்லா ஓடுதாக்கா?" சிரித்துக்கொண்டே கேட்பான். வருடம் முழுக்கக் கேட்டான். ஒருவன் நம்மைப் பற்றி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, துப்பாமலும் விழுங்காமலும் எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நானாக இருந்தால் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லி முடித்திருப்பேன்.

வெள்ளத்தன்று அவன் குடித்திருந்தான் என்று நான் பரப்பியதாகச் சொல்கிறார்கள். பொய். கண் சிவந்திருந்தது என்று மட்டும்தான் சொன்னேன். வெள்ளத்தில் யாருக்குத்தான் சிவக்காது?

இந்த வருடம் தைப்பூசம் முடிந்ததும் டிராக்டரை இழுத்துவந்து தன் வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தினான். என் சமையலறை ஜன்னலுக்கு நேராக. இன்ஜினைச் சுற்றவைத்து உத்திரத்துக்கு ரதத்தை நானே இழுப்பேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டான். வேலு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். அதற்குள் சுற்றாவிட்டால் பழைய இரும்பு லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். ரதத்துக்கு வேறு வண்டி, வேறு டிரைவர். அவனுக்கு இருந்ததே அந்த ஒரு நாள் மரியாதைதான். அதற்காக மாட்டைப் போல உழைத்தான்.

எனக்கும் ஒன்று இருந்தது. அளவு கொடுக்க வந்த பதினேழு பேரிடம் நான் சொல்லியிருந்தேன், அது சுற்றாது என்று.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து அவன் மனைவி பிரேமலாவின் தம்பி சுகுமாறன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மெக்கானிக். இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலையும் கியர் எண்ணெயையும் கலந்து நாலு ஓட்டையிலும் ஊற்றினான். இன்ஜினின் முன்பக்கத்தில் புல்லிச் சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாயைச் செருகி, நுனியில் மணல் வாளியைத் தொங்கவிட்டான். பிறகு சாக்பீஸால் ஒரு கோடு போட்டான், புல்லியிலிருந்து பின்னால் இருக்கும் அசையாத மூடி வரைக்கும் நேராக.

"இழுக்காதீங்க மச்சான், ரிங்கு ஒடைஞ்சிரும். வெயிட்டு அதும்பாட்டுக்குத் தொங்கட்டும். இந்தக் கோடு ரெண்டா விலகுச்சுன்னா பிஸ்டன் அசைஞ்சிருச்சுன்னு அர்த்தம். அப்பறம் வாளிய எடுத்துட்டு கையால மெதுவா ஆட்டுங்க. யாரும் பைப்புமேல பாரம் போடக்கூடாது. சடக்குனு விட்டுரும், ஆளத் தூக்கி அடிச்சிரும்."

நான் அப்போது ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டது.

காலையில் வாளியை மாட்டிவிட்டுச் சபாபதி ஆலைக்குப் போவான். பிரேமலா பாலர் பள்ளி வேலைக்குப் போவாள். மழை வந்தால் துணி எடுக்க என்று வீட்டு கேட் சாவியை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பகலில் போய்ப் பார்த்தேன். கோடு விலகியிருந்தது, ஒரு நூல் அளவுக்கு. நான் வருத்தப்படவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கோடு போட்டேன். துணியில் கோடு போட்டே வாழ்கிறவள் நான். என் கை நடுங்காது. வாளி சற்று இறங்கியிருந்தது. கயிற்றைச் சுருக்கிக் கட்டினேன்.

மாலையில் சபாபதி வந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தான். கோடு நேராக இருந்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினான்.

பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று. சில நாள் நகரவில்லை, பல நாள் நகர்ந்தது. கடைசி வாரத்தில் ஒரு விரல் அகலம் கூட நகர்ந்திருந்தது. எல்லாவற்றையும் நேராக்கினேன். அவன் மெலிந்துகொண்டே வந்தான். மெஷின் நல்லா ஓடுதாக்கா என்று கேட்பதை நிறுத்திவிட்டான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதனுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் அல்லவா? கமிட்டி லாரியைக் கொண்டுவந்தால் அவனும் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

லாரி வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சபாபதி கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் குந்தியிருந்தான். பிரேமலா என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. பைப்புமேல ஏறி நிக்கப் போறேங்கிறாரு. தம்பி அப்படிச் செய்யக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"கோடு விலகுனாத்தான ஏறக்கூடாது," என்றான் அவன். "பாரு, ஒரு மயிரு அசையல. இது கல்லுலா. கல்லுமேல ஏறுனா என்ன ஆயிரும்?"

பிறகு வேலிக்கு மேலே என்னைப் பார்த்தான். "நீங்க என்னக்கா சொல்றீங்க? நீங்கதான எல்லாத்தையும் சரியாச் சொல்றவங்க."

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. இருந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

"நாலடி பத்தாது தம்பி," என்றேன். "எங்க வீட்டுப் பின்னால துணி காயப்போடுற பைப் இருக்கு. எட்டடி. எடுத்துக்க."

நானே கழற்றிக் கொடுத்தேன். ஈரத் துணிகள் கிடந்தன. எடுத்து மடித்து, கையோடு கொண்டுபோய் டிராக்டர் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

டயரில் கால் வைத்து ஏறி, குழாயின் நுனியில் முழுப் பாரத்தையும் போட்டான். இன்ஜின் ஒரு கணம்கூடத் தாங்கவில்லை. சடக்கென்று விட்டது. குழாய் கீழே போக, அவன் மல்லாந்து விழுந்தான். பின்தலை சாக்கடைச் சிமெண்டு விளிம்பில் பட்டது. பிரேமலா கத்திக்கொண்டு கார் பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவன் தலைக்கடியில் ஒரு துணியை மடித்து வைத்திருக்கலாம். மடித்த துணி கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் புல்லியைப் பார்த்தேன். கோடு கால்வட்டம் சுற்றிப் போயிருந்தது. ஆட்கள் வருவார்களே என்று அதை முதலில் துடைத்தேன். புதிதாக ஒன்று போட்டேன்.

அவன் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"சுத்திருச்சாக்கா?"

"இல்ல தம்பி," என்றேன். "அப்படியேதான் இருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தான். பேசவில்லை என்று சொன்னார்கள்.

குழாய் வழுக்கிவிட்டது என்று நீங்கள் விபத்தாக எழுதினீர்கள். நான் அதோடு விட்டிருப்பேன். ஆனால் கருமாதிக்கு வந்த சுகுமாறன் சும்மா அந்தப் புல்லியில் கை வைத்தான். காற்றாடி மாதிரி சுற்றியது. இரண்டு வாரத்தில் கிளப்பியும் விட்டான். உத்திரத்தன்று அந்த டிராக்டர்தான் ரதத்தை இழுத்தது. முன்பக்கத்தில் சபாபதியின் படம், மாலையோடு. தாமானே நின்று அழுதது. செத்தும் ஜெயிச்சிட்டான் பாரு என்றார் வேலு. நான் வாக்குச் சொன்ன பதினேழு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பேர் இப்போது அளவு கொடுக்கத் தெருமுனைக் கடைக்குப் போகிறார்கள்.

அதனால்தான் வந்தேன், சார்ஜன். எட்டு மாதம் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. அது ஒரு பக்கம். தப்பான சேதி ஊரில் உலவக்கூடாது. அவன் ஜெயிக்கவில்லை. பத்தொன்பது நாள் அந்த இன்ஜின் சுற்றாமல் இருந்தது, நான் சொன்னபடியேதான் இருந்தது. கடைசியாக அவன் காதில் விழுந்ததும் அதுதான். கொன்றது நான்தான், அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றபடி எனக்கும் அவனுக்கும் ஒரு பகையும் கிடையாது.