சுண்டு தண்ணீரில் குதித்த பிறகு

இந்த நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது, சார். பரவாயில்லை, நான் சாய்ந்து உட்கார மாட்டேன்.

தயாரிப்பாளர் தன் வக்கீலையே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அவர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீங்களாவது பொறுமையாகக் கேட்பீர்கள். மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. படத்தின் எடிட்டர் நான்தான். கை வைத்தவனும் நான்தான்.

நானும் தங்கையும் ஒரே படக்கதையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் படித்து வளர்ந்தவர்கள். அதில் துடுப்பு என்ற அண்ணன், அவன் தங்கை சுண்டு, கூடவே அவர்கள் வளர்க்கும் கரடி. மூன்று பேரும் ஓட்டைப் படகில் ஏறி, காணாமல்போன கலங்கரை விளக்கத்தைத் தேடிப் போவார்கள். அத்தனை பெரிய கோபுரம் எப்படிக் காணாமல்போகும் என்று நாங்கள் கேட்டதே இல்லை. புயலில் படகு செலுத்துவதும் கொள்ளைக்காரர்களை ஏமாற்றுவதும் அண்ணன். சுண்டு பின்னால் உட்கார்ந்து "பாத்துண்ணா" என்பாள். அது அழகான, நிறைவான பாத்திரம்.

தங்கை வளர்ந்து இயக்குநரானாள். அந்தக் கதையையே குடும்பத்தோடு பார்க்கும் அனிமேஷன் படமாக எடுத்தாள். என்னை எடிட்டராக வைத்துக்கொண்டாள். தங்கையிடம் சம்பளம் வாங்குகிறோமே என்ற எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. வந்தாலும் உடனே விரட்டிவிடுவேன்.

அவள் எடுத்த படத்தில் எல்லாமே சுண்டுதான். அண்ணன் தின்கிறான், தூங்குகிறான், கரடியைக் கண்டு நடுங்குகிறான். வீட்டுக் கரடி, சார். குட்டியிலிருந்து பால் ஊற்றி வளர்த்த கரடி. மூலக்கதைக்கு நியாயம் செய்ய யாராவது ஒருவர் வேண்டாமா?

முதலில் இரண்டு வசனங்களை மட்டும் எடுத்தேன். யாருக்கும் தெரியவில்லை. பிறகு, பூட்டைத் திறக்கும் கை சுண்டுவுடையது என்று தெரியாதபடி காட்சியைக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டினேன். அனிமேஷனில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரமும் தனித்தனி அடுக்கு. ஒரு அடுக்கை மறைத்தால் அந்த ஆள் மட்டும் மறைந்துவிடுவார். பின்னால் உள்ள கடல் அப்படியே இருக்கும். நடிகையாக இருந்தால் சண்டைக்கு வருவார். சுண்டு வரவில்லை.

கடைசி வாரங்களில் ஸ்டுடியோவில் அவரவர் துண்டு அவரவருக்கு. நிறம் பார்ப்பவர் நிறத்தைப் பார்ப்பார், இசைக்காரர் இசையைப் பார்ப்பார். முழுப் படத்தையும் சேர்த்துப் பார்ப்பவன் எடிட்டர் ஒருவன்தான். தங்கையும் என்னை நம்பி, "அண்ணன் பாத்துப்பான்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பார்த்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு காட்சி. கடலுக்குள் விழுந்த சாவியை எடுக்க சுண்டு குதிக்கிறாள். மூச்சு முட்ட மேலே வருகிறாள். குதிப்பதை வைத்துக்கொண்டேன். அருமையான வேலைப்பாடு, வெட்ட மனம் வரவில்லை. மேலே வருவதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விழுந்தது. வேறொரு காட்சியில் அண்ணன் ரொட்டி தின்றபடி வயிறு குலுங்கச் சிரிப்பான். அதை அங்கே ஒட்டினேன். இசை சரியாகப் பொருந்தியது. அதன்பின் படம் முழுக்க அண்ணனும் கரடியும் மட்டும் சந்தோஷமாகப் பயணம் செய்கிறார்கள். சில இடங்களில் கரடி வெறும் காற்றைக் கட்டிப்பிடிக்கிறது. அதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை.

ஊழியர்களின் பிள்ளைகளுக்காக முதல் காட்சி போட்டார்கள். சுண்டு குதித்ததும் கைதட்டினார்கள். அண்ணன் ரொட்டி தின்றபோது தட்டல் நின்றது. முன்வரிசையில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம், "அந்தப் பொண்ணு எப்பப்பா மேல வருவா?" என்று கேட்டாள். "வருவாம்மா" என்றார் அவர். கலங்கரை விளக்கம் கிடைத்து, வாணவேடிக்கை முடிந்து, பெயர்கள் ஓடும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் அழ, மற்றப் பிள்ளைகளும் அழ ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யும் பழக்கம் உண்டு.

தங்கை அழவில்லை. விளக்குப் போட்டதும் என்னிடம் வந்தாள். சுண்டுவைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"என்னை எங்கண்ணா காணோம்?" என்றாள்.

தொழில்முறையில் பதில் சொன்னேன், படத்தின் ஓட்டத்துக்கு அப்படித் தேவைப்பட்டது என்று. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இன்றுவரை பேசவில்லை.

பயப்படாதீர்கள், அடுக்குகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இன்றே கொடுத்துவிடுகிறேன். சுண்டு மேலே வரட்டும். குழந்தையைக் கொல்ல நான் என்ன அரக்கனா?

ஆனால் ஒரு சத்தத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். புயல் காட்சியில் சுண்டு தனியாகத் துடுப்புப் போடும்போது அண்ணன் குறட்டை விடுகிறான் இல்லையா? ஒலிக்கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அது என் குறட்டை என்று தெரிந்தது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் தங்கை தன் செல்போனில் பதிவு செய்திருக்கிறாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது, ரத்தத்துக்கு ஆள் பிடித்தது, டாக்டர் வெளியே வந்து சொன்னதைத் தனியாக நின்று கேட்டது, எல்லாம் அவள்தான் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அன்று நான் தூங்கவே இல்லை, சார். சும்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.