காற்று வாத்தியார் சொன்னது

எனக்குத் தீ என்றாலே பயம் சார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவரை வந்த பிறகும் திரும்பிப் போய், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு இந்த மலையில் பேத்துப்பாறைக்கு வந்து குடியேறினேன். மொட்டைமாடியில் காற்றுமானி வைத்தேன். மாசி பிறந்துவிட்டால் தினமும் காலையில் ஊர் வாட்ஸப் குழுவில் அன்றைய காற்று நிலவரத்தைப் பேசிப் போடுவேன். உறைபனியில் கருகிய புல், வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்துக் காற்றும் அடித்தால் ஒரு பொறி போதும், தீ மேட்டைப் பார்த்து ஓடும். பொறுமையாகத்தான் சொன்னேன். ஊர் எனக்கு வைத்த பெயர் காத்து வாத்தியார். நான் எச்சரித்த நாளில் ஒருநாளும் எதுவும் பற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் அவர்களுக்கு என் மேல் இருந்த ஒரே குறை.

பெரியண்ணன் என் வீட்டுக்கு மேல்பக்கம் பீன்ஸ் போட்டிருந்தவர். அங்கே எல்லோரும் செய்வதுபோல, சருகைக் கூட்டி வெள்ளனே பனி ஈரத்தோடு கொளுத்துவார். எரிந்ததும் தண்ணீர் ஊற்றி மண்ணைத் தள்ளிவிட்டுத்தான் நகர்வார். ஒருநாள் காலை, இன்றைக்குக் காற்று பலமாக வரும், வேண்டாம் என்று நேரிலேயே போய்ச் சொன்னேன்.

"காத்து வர்றதுக்குள்ள சோலி முடிஞ்சிரும் சார். அது உங்க போன்லதான அடிக்கிது, என் வேட்டிகூட அசையலையே" என்றார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் குஞ்சம்மாளும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அதை மறைப்பானேன்.

மத்தியானம் நான் சொன்ன காற்று வந்தது. காற்றுமானி பிய்த்துக்கொண்டு சுற்றியது. எல்லாம் நான் சொன்னபடியே அமைந்திருந்தது, தீயைத் தவிர. இந்த நாளும் சும்மா போய்விட்டால் அடுத்த எச்சரிக்கையை எவன் கேட்பான்? ஊரின் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே. பெரியண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய சாம்பல் குவியல் ஓரமாக, காய்ந்த புல்லில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

தீயணைப்பு நிலையத்துக்கு முதலில் போன் செய்தவனும் நான்தான்.

பெரியண்ணன் அதைத் தன் தீ என்றே நினைத்துவிட்டார். "நான் வச்ச தீதான் கெளம்பிருச்சு. ஏலே, வெரசா குழைய ஒடிங்க" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். இலையும் கொப்புமாக ஒடித்த பச்சைக் குழையால் அடித்து அடித்து, தீயை முந்திக்கொண்டு மேட்டில் ஏறினார். தீக்கு மேலே போய் நிற்கக் கூடாது என்று குழுவில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவர் திரும்ப இறங்கி வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு குஞ்சம்மாள் என் வாசலில் வந்து நின்று அழுதாள். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க சார். அந்த மனுசன் கேக்கல. ஊரு பூரா எங்களத்தான் ஏசுது. எங்கள மன்னிச்சிருங்க."  மனதார மன்னித்தேன்.

நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம், காலையில் கொளுத்திய சருகு உள்ளுக்குள் கனன்று கிடந்து மத்தியானக் காற்றில் பரவியது என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பதுதான். அது தப்பு சார். அவ்வளவு ஈரத்தில், தண்ணீரும் மண்ணும் போட்ட பிறகு அது உயிரோடு கிடந்திருக்கவே முடியாது. நானே குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அதனால்தான் தீப்பெட்டி தேவைப்பட்டது. இதைத் திருத்திவிடுங்கள், தவறான தகவல் ஊரில் பரவக் கூடாது.

இப்போதெல்லாம் நான் வேண்டாம் என்று சொன்ன நாளில் பேத்துப்பாறையில் ஒருவரும் பீடிகூடப் பற்றவைப்பதில்லை. நான் பேசிப் போட்டதும் முதலில் கேட்பது குஞ்சம்மாள்தான். இன்றைக்கும் காற்று வரும் சார். கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடித்தீர்கள் என்றால் நான் போய்க் குழுவில் சொல்லிவிடுவேன், அவள் காத்துக்கொண்டிருப்பாள்.